வீட்டுக்கு ஜெனரேட்டர்: எது எடுக்கலாம், எது வேண்டாம்

எத்தனை கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கரண்ட் போன நேரத்தில் உங்கள் வீட்டில் எந்த மோட்டார் ஓடியே ஆகவேண்டும்? ஃபேன், லைட், டிவி, வைஃபை எல்லாவற்றையும் கூட்டினாலும் பல வீடுகளில் 500 வாட்டைத் தாண்டாது. அதுவும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு என்றால் ஒரு நல்ல இன்வெர்ட்டரும் பேட்டரியும் போதும், சத்தமும் கிடையாது புகையும் கிடையாது. ஜெனரேட்டர் பேச்சே ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், ஏசி என்று வரும்போதுதான் ஆரம்பிக்கிறது.

அங்கேதான் கணக்கு உதைக்கும். சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் ஓடும்போது இழுக்கும் கரண்டைப் போல 5 முதல் 7 மடங்கு வரை ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் இழுக்கும். 1 ஹெச்பி என்பது 746 வாட், அதுவும் மோட்டார் வெளியே தருகிற சக்தி. உள்ளே இழுப்பது 1,000 வாட்டுக்குப் பக்கத்தில் வரும். அதனால் 2 கேவிஏ ஜெனரேட்டர் செட் இந்த மோட்டாரைத் தாராளமாக இழுத்துவிடும் என்று காகிதத்தில் தோன்றும், நிஜத்தில் ஒரு உறுமல் உறுமிவிட்டு ஓவர்லோடு விளக்கு எரிந்து நின்றுவிடும். இன்வெர்ட்டர் வகை ஏசி மட்டும் இதில் நல்ல பிள்ளை, கம்ப்ரஸரை மெதுவாக வேகமெடுக்க வைப்பதால் ஸ்டார்ட்டிங்கில் அந்த உதை இருக்காது. மோட்டாரின் நேம்பிளேட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், பாதி வாக்குவாதம் குறையும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் மேக்ஸிமம். அது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தாங்கக்கூடியது. ரேட்டட் என்று சின்னதாக எழுதியிருக்கும் எண்தான் நமக்கு வேண்டியது. கேவிஏவில் சொன்னால் 0.8 ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய கிலோவாட் கிடைக்கும், அதாவது 5 கேவிஏ என்றால் 4 கிலோவாட். டீசல் செட்டுகளில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது: ஸ்டாண்ட்பை ரேட்டிங், பிரைம் ரேட்டிங் என்று இரண்டு போட்டிருப்பார்கள். ஐஎஸ்ஓ 8528 என்ற சர்வதேசத் தரக் கணக்கில் ஸ்டாண்ட்பை என்பது வருஷத்துக்கு 200 மணி நேரம் வரை, அதுவும் சராசரியாக 70 சதவீத லோடில் ஓட்டுவதற்கு. தினமும் பல மணி நேரம் கரண்ட் இல்லாத இடத்தில் பிரைம் எண்ணைத்தான் பார்க்கவேண்டும்.

"எதுக்கும் ஒரு சைஸ் பெரிசாவே எடுத்துக்கோங்க" என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. மோட்டார் ஸ்டார்ட்டிங்குக்காகக் கொஞ்சம் கூடுதலாக எடுப்பது சரி, ஆனால் பெரிய டீசல் செட்டை வாங்கி நான்கு ஃபேனுக்கு ஓட்டினால் எஞ்சின் சரியாகச் சூடேறாது, எரியாத டீசலும் கரியும் சைலென்சர் வழியாகக் கறுப்புப் பிசுக்காக வடியும். லோடு 30 சதவீதத்துக்குக் கீழேயே கிடந்தால் இந்தத் தொல்லை வரும் என்பது டீசல் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம்.

இப்போது வகைகளுக்கு வருகிறேன். திறந்த சட்டத்தில் எஞ்சின் தெரிகிற மாதிரி வரும் பெட்ரோல் செட் மலிவு, எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். ஆனால் வீட்டுக் கரண்டுக்கு வேண்டிய 50 ஹெர்ட்ஸ் வரவேண்டும் என்பதற்காக நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரே ஒரு பல்பு எரிந்தாலும் அதே ஓட்டம்தான், அதே சத்தம்தான். கம்ப்யூட்டர் யுபிஎஸ் இதன் கரண்டைப் பிடிக்காமல் டக் டக்கென்று பேட்டரிக்குத் தாவிக்கொண்டே இருப்பதும் உண்டு. மோட்டார் ஓட்ட மட்டும் என்றால் எடுக்கலாம், ராத்திரி தூங்குவதற்கு என்றால் வேண்டாம்.

நான் வீட்டில் வைத்திருப்பது சூட்கேஸ் மாதிரி மூடியிருக்கும் பெட்ரோல் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். இதில் எஞ்சின் வேகத்துக்கும் வெளியே வரும் ஹெர்ட்ஸுக்கும் சம்பந்தம் கிடையாது, கரண்டை டிசி கரண்டாக்கி மறுபடி வீட்டுக்கு வேண்டிய ஏசி கரண்டாக்கித் தருகிறது, அதனால் லோடு குறைந்தால் எஞ்சினும் தணிந்துவிடும், பெட்ரோலும் மிச்சம். லோடுக்கு ஏற்ப எஞ்சின் வேகத்தைத் தணிக்கும் ஈகோ சுவிட்சைப் போட்டு ஃபேன், லைட் ஓட்டும்போது பக்கத்து அறையில் சாதாரணமாகப் பேசலாம். அதே ஈகோவில் ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் லைட் ஒரு தடவை மங்கும், எஞ்சின் திடுக்கிட்டு விழித்ததுபோல் சீறும், அப்புறம் இறங்கி நிதானமாகும். மோட்டார் போடுவதற்கு முன் ஈகோவை அணைத்துவிட்டால் இந்தத் தடுமாற்றம் இல்லை. குறை என்னவென்றால் உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் போர்டு போனால் பெரும்பாலும் ரிப்பேர் கிடையாது, முழுசாக மாற்றவேண்டியதுதான். சர்வீஸ் ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்காமல் இந்த வகையை எடுக்காதீர்கள். டெசிபல் எண்ணைப் பார்க்கும்போது எத்தனை மீட்டரில், எவ்வளவு லோடில் அளந்தது என்பதையும் பாருங்கள். 7 மீட்டரில் கால்வாசி லோடில் அளந்த எண்ணை மட்டும் போட்டுவிட்டு முழு லோடு எண்ணைச் சொல்லாமல் விடுவது சகஜம்.

வீடு முழுவதும், ஏசி உட்பட, மணிக்கணக்கில் ஓடவேண்டும் என்றால் மூடி போட்ட டீசல் செட்தான். 1,500 சுற்றில் ஓடும் தண்ணீரால் குளிரும் எஞ்சினாகப் பார்த்து எடுங்கள், ஆயுசும் அதிகம், காதுக்கும் நல்லது. சிமெண்ட் தளம், இடம், புகை போக வழி எல்லாம் இருந்தால் மட்டும். கேஸில் ஓடுவதும் கிடைக்கிறது: எரிபொருள் கெட்டுப்போகாது என்பது பெரிய வசதி, சக்தி மட்டும் பெட்ரோலைவிடப் பத்து சதவீதம் போலக் குறையும்.

எது வாங்கினாலும் இரண்டு விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். ஒன்று, சேஞ்ச்ஓவர் சுவிட்ச், அதாவது வெளி லைனும் ஜெனரேட்டரும் ஒன்றோடொன்று சேராமல் ஏதாவது ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொடுப்பது. இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் சுவரில் இருக்கும் சாக்கெட்டில் குத்திவிடும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கரண்ட் மீட்டரைத் தாண்டி வெளி லைனுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் ஏறி, கம்பத்தில் வேலை பார்ப்பவரைக் கொன்றுவிடும். மற்றது, வைக்கும் இடம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. கார் ஷெட், பால்கனி, படிக்கட்டுக்கு அடியில், ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்று அறைக்குள், எதுவும் கூடாது. கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க, திறந்த வெளியில். இதற்கு இடமில்லாத வீட்டில் ஜெனரேட்டரை மறந்துவிட்டு பேட்டரியைப் பெரிதாக்குவதுதான் சரி.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை, ஆனால் பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் தேக்கி வைத்தால் கார்புரேட்டர் ஜெட்டில் பிசின் மாதிரி படிந்து, கரண்ட் போன அன்றைக்கு கயிறை இழுத்து இழுத்துத் தோள்பட்டைதான் வலிக்கும். நிறுத்தி வைப்பதற்கு முன் டேங்கை வடித்துவிட்டு, டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் குழாயை அடைக்கும் ஃபியூயல் காக்கை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். புது எஞ்சினுக்கு முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்தை ஒட்டியே வரும், மேனுவலில் பாருங்கள். செல்ஃப் ஸ்டார்ட் மாடல் எடுத்தால் கயிறும் சேர்ந்து இருப்பதாக எடுங்கள், சும்மா கிடக்கும் செட்டில் முதலில் சாவது அந்தச் சின்ன பேட்டரிதான்.