ஆஸ்டர்லி பார்க்: பல வருடம் போய்வந்த பிறகு

மேற்கு லண்டனில் ஹவுன்ஸ்லோ பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஆஸ்டர்லி பார்க் என்றால் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டவும் குளத்தில் வாத்து பார்க்கவும் ஓர் இடம், அவ்வளவுதான். பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. நாங்களும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் ட்ரஸ்ட் அமைப்பில் உறுப்பினர் ஆன பிறகுதான் நினைத்தபோதெல்லாம் பூங்காவுக்குள் இருக்கும் மாளிகைக்குள்ளும் போக ஆரம்பித்தேன். போகப் போக ஒன்று உறுதியாகத் தோன்றியது: இது குடியிருக்கக் கட்டிய வீடு அல்ல, வந்தவர்களுக்குக் காட்டக் கட்டிய வீடு.

முதலில் கட்டியவர் தாமஸ் கிரஷாம், லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்சை நிறுவிய வணிகர். 1576-இல் முதலாம் எலிசபெத் ராணி இங்கே தங்கினார். முற்றம் பெரிதாக இருக்கிறது, நடுவில் ஒரு சுவர் இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவர் சொல்ல, கிரஷாம் ராவோடு ராவாக ஆள் வைத்துச் சுவர் எழுப்பிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. அவர் காலத்துச் செங்கல் குதிரை லாயம் இன்னும் நிற்கிறது.

1713-இல் வீடு சர் பிரான்சிஸ் சைல்ட் கைக்கு வந்தது. பொற்கொல்லரிடம் தொழில் பழகி வங்கி அதிபரானவர். அடமானக் கடன் திரும்பாததால் கிடைத்த சொத்து இது. குடிவருவதற்குள் அந்த வருடமே இறந்துவிட்டார். பேரன் பிரான்சிஸ் 1761-இல் ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞரை அமர்த்தினார். வேலை முடியுமுன் 1763-இல் அவரும் போய்ச் சேர்ந்தார். தம்பி ராபர்ட் சைல்ட்தான் முடித்தார். அவர்களும் வருடத்தில் சில மாதம்தான் இங்கே; மீதி நாள் லண்டன் வீட்டில்.

சாப்பாட்டு அறையைப் பாருங்கள். நடுவில் மேசையே இருக்காது. நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக நிற்கும். சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் மடக்கு மேசைகளைக் கொண்டுவந்து போடுவார்களாம். அப்புறம் முக்கிய விருந்தாளிகளுக்கென்று செய்த அந்த அலங்காரக் கட்டில். எட்டுத் தூண், மேலே குவிமாடம், பச்சை வெல்வெட் திரை, சைல்ட் வங்கியின் சின்னமான சாமந்திப் பூ வேறு. தூங்கும் இடத்தில்கூடக் கடை முத்திரை! சுவரில் சித்திரச் சீலை தொங்கும் அறைக்கு பாரிஸ் கோபலான் பட்டறையில் நெய்த சீலைகள், நாற்காலி உறை உட்பட. துணி வெளுக்காமலிருக்க வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருப்பார்கள். கண் பழகக் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

இதற்கெல்லாம் பணம் வங்கியில் இருந்து மட்டும் வரவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியிலும் இந்தக் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது. சென்னையில் கோட்டை கட்டிய அதே கம்பெனிதான். குடும்ப முத்திரை பொறித்துச் சீனாவில் செய்வித்த அரக்குப் பூச்சுச் சாமான்கள் இங்கே இருக்கின்றன. நம்மவர்கள் இவற்றைக் கண்டுகொள்ளாமல் நேரே காபிக்குப் போய்விடுவதுதான் எனக்கு வருத்தம்.

குடும்பக் கதையில் சுவாரசியம் 1782-இல். ராபர்ட் சைல்டின் ஒரே மகள் சாரா ஆன், வெஸ்ட்மோர்லண்ட் பிரபுவுடன் ஸ்காட்லாந்து எல்லையில் இருக்கும் கிரெட்னா கிரீனுக்கு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார். கோபம் அடங்குமுன் ராபர்ட் சில வாரங்களில் இறந்தார். அதற்குள் உயிலை மாற்றியிருந்தார்: சொத்து மாப்பிள்ளை வீட்டுப் பட்டத்து வாரிசுக்குப் போகக் கூடாது. அப்படித்தான் பேத்தி சாரா சோபியாவுக்கு எல்லாம் வந்தது. அவர் 1806 முதல் 1867-இல் சாகும்வரை வங்கியின் மூத்த பங்குதாரர். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு இது சாதாரணம் இல்லை. அவர் மணந்த ஜெர்சி பிரபுக் குடும்பத்துக்கு வீடு போனது.

ஒன்பதாம் ஜெர்சி பிரபு 1939-இல் வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். தான் அதில் குடியிருக்கவில்லை, பார்க்க ஆசைப்படுகிறவர்களோ நிறையப் பேர், வேறென்ன காரணம் வேண்டும் என்ற தோரணையில் பதில் சொன்னாராம். 1940-இல் உள்நாட்டுக் காவல் படைக்கு இங்கே கொரில்லாப் பயிற்சி நடந்தது. என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், வீட்டை மட்டும் தகர்த்துவிடாதீர்கள் என்று பிரபு கேட்டுக்கொண்டாராம். 1949-இல் நேஷனல் ட்ரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார்.

குறை என்றால் சத்தம். எம்4 நெடுஞ்சாலை பூங்காவைக் கிழித்துக்கொண்டு போகிறது, தலைக்கு மேலே விமானம். அமைதி தேடி வருகிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. பிக்கடில்லி லைனில் ஆஸ்டர்லி ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் கார் நிறுத்தும் தொல்லை இல்லை. மாளிகை எல்லா நாளும் திறந்திருக்காது, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நேரம் குறைவென்றால் மேல்மாடியை விட்டுவிட்டு, கீழ்த்தளத்தில் வேலைக்காரர்கள் புழங்கிய சமையலறைப் பக்கம் போங்கள். வருடம் முழுக்க அந்த வீட்டில் இருந்தவர்கள் அவர்கள்தான்.