பிடிஎஃப்ல திருத்தம் போட எந்த சாஃப்ட்வேர்? புரூஃப் பாக்கறவளோட அனுபவம்

பிடிஎஃப்ல மார்க் பண்ண எது நல்லா இருக்கும்னு கேக்கறவங்க முக்காவாசிப் பேர் விசாரிக்கறது எத்தனை கலர் இருக்கு, பேனா இருக்கா, ஃப்ரீயா, இவ்வளவுதான். நான் முதல்ல பாக்கறது வேற. நான் இங்க குன்னூர்ல உக்காந்து போடற குறி கோயமுத்தூர்ல லேஅவுட் பண்றவர், அதாவது புத்தகத்துக்குப் பக்கம் அமைக்கறவர், சிஸ்டத்துல அப்படியே போய்ச் சேருதா? சேரலைன்னா மத்தது எத்தனை அழகா இருந்தும் எனக்கு வேலைக்கு ஆகாது.

தமிழ்ப் புத்தகங்களுக்குப் புரூஃப் பாக்கறது என் தொழில். முன்னெல்லாம் பிரிண்ட் எடுத்து சிவப்புப் பேனாவுல திருத்தி பஸ் பார்சல்ல கீழ அனுப்புவோம், மேட்டுப்பாளையம் ரோட்டுல மண் சரிஞ்சா பார்சலும் நிக்கும் வேலையும் நிக்கும். பிடிஎஃப்லயே திருத்த ஆரம்பிச்சு பல வருஷம் ஆச்சு, விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு டேப்லெட்னு எல்லாத்துலயும் வேலை பாத்தாச்சு.

ஒரு விஷயம் புரிஞ்சுட்டா பாதிக் குழப்பம் போயிடும். நாம போடற ஹைலைட்டோ கோடோ பக்கத்துல இருக்கற எழுத்தோட கலக்கறதில்ல. பக்கம் தனி, குறிகள் தனி. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு லிஸ்ட் மாதிரி ஃபைலுக்குள்ள இருக்கும், அதுல இது ஹைலைட், இது அடிச்சது, இது நுழைக்கற குறி, இந்த இடத்துல இருக்கு, போட்டது இன்னார், உள்ள எழுதினது இதுன்னு பதிவாகும். அடோபி 1993ல கொண்டு வந்த பிடிஎஃப் 2008ல ஐஎஸ்ஓங்கற சர்வதேசத் தரமாவே ஆயிடுச்சு, அதுல எந்தெந்த வகைக் குறி இருக்கலாம்னு தெளிவா இருக்கு. அதை ஒழுங்கா பின்பற்றற சாஃப்ட்வேர்ல போட்டது இன்னொண்ணுலயும் தெரியும். ஆனா சிலது குறியை ஃபைலுக்குள்ள எழுதாம தன்கிட்டயே வெச்சுக்கும். ஜோட்டெரோ அப்படித்தான், ஆராய்ச்சிக்குப் படிக்கறவங்களுக்கு அருமையான சாமான், ஆனா குறிப்பெல்லாம் அதோட டேட்டாபேஸ்ல இருக்கும், அடுத்தவங்களுக்கு அனுப்பணும்னா குறிப்போட சேத்து எக்ஸ்போர்ட் பண்ணித்தான் அனுப்பணும். லினக்ஸ்ல பிடிஎஃப் திறக்கற ஒகுலரோட பழைய வெர்ஷன்ல கூட குறிகள் தனி ஃபோல்டர்ல போய் உக்காந்துக்கும், இப்ப பிடிஎஃப்லயே சேவ் ஆகுது.

இது தெரியாத காலத்துல ஒரு டேப்லெட் ஆப்ல (பேரு வேண்டாம்) ஒரு நாவல் முழுக்கத் திருத்தி அனுப்பினேன். லேஅவுட் தம்பி ஃபோன் பண்ணி, "அக்கா, ஒரு திருத்தம் கூட இல்லீங்களே, அவ்வளவு சுத்தமாவா இருக்குதுங்க?"ன்னு கேட்டாப்ல. ஷேர் பட்டனை அமுக்கினா மூல ஃபைலை மட்டும் அனுப்பற ஆப் அது. அதுல இருந்து எந்தப் புது சாஃப்ட்வேர் வந்தாலும் ஒரு பக்கத்துல நாலு குறி போட்டு, வேற சிஸ்டத்துல வேற சாஃப்ட்வேர்ல திறந்து பாத்துட்டுத்தான் வேலைக்கு எடுப்பேன்.

எந்தக் குறி போடறோம்ங்கறதும் முக்கியம். நிறையப் பேர் ஹைலைட் பண்ணிட்டு பக்கத்துல பேனாவுல கிறுக்கி விடறாங்க, படிக்கறவருக்குப் புரியும்தான், ஆனா லேஅவுட் பண்ற சாஃப்ட்வேரான இன்டிசைன்ல 2019 வெர்ஷன்ல இருந்து பிடிஎஃப்ல போட்ட கமெண்ட்ஸை நேரா இம்போர்ட் பண்ணலாம், திருத்தத்தை ஒவ்வொண்ணா ஒத்துக்கிட்டே போனா எழுத்து தானா மாறிடும். அதுக்கு நாம போட்டது எழுத்தோட ஒட்டின குறியா இருக்கணும்: நுழைக்கறது, அடிக்கறது, அடிச்சுட்டு வேற வைக்கறது. பேனாக் கிறுக்கலைப் பாத்து எழுத்து மாத்த முடியாது, தம்பி கையாலதான் அடிக்கணும், அப்ப புதுத் தப்பு ரெண்டு உள்ள வரும்.

உதாரணத்துக்கு 'தேயிலை தோட்டம்'னு வந்திருக்கு, ஒற்று விட்டுப்போச்சு (எங்க ஊர் போர்டுல பாதி இப்படித்தான் இருக்கும், அது வேற கதை). லை-க்கு அடுத்து கர்சரை வெச்சு நுழைக்கற குறி போட்டு உள்ள 'த்' மட்டும் அடிப்பேன். 'இங்க த் வரணும், வலி மிகும்'னு வியாக்கியானம் எழுதினா அந்த வியாக்கியானமே புத்தகத்துக்குள்ள போயிடும், அப்படி ஒரு புத்தகம் அச்சாகி வந்ததையும் பாத்திருக்கேன். விளக்கம் சொல்லணும்னா தனியா ஒரு ஸ்டிக்கி நோட் (பக்கத்துல ஒட்டற குறிப்புச் சீட்டு மாதிரி), அவ்வளவுதான்.

இனி தமிழுக்கே உள்ள தலைவலி. பிடிஎஃப் எழுத்தை வரிசைப்படுத்தறது கண்ணுக்குத் தெரியற வரிசைல, அதனால நல்ல யூனிகோடு (எந்த சிஸ்டத்துலயும் ஒரே மாதிரி படிக்கற எழுத்து முறை) ஃபைல்ல இருந்து கூட 'தேயிலை'யை காப்பி பண்ணினா பல சமயம் கொம்பு முன்னாடி ஓடி 'ேதயிைல'ன்னு விழும். கமெண்ட் லிஸ்ட்ல நீங்க அடிச்ச சொல்லும் இதே கோலத்துலதான் நிக்கும். தேடினா கிடைக்காது, 'தேயிலை'ன்னு சர்ச் பண்ணினா புத்தகத்துல அந்தச் சொல்லே இல்லேன்னு சொல்லும். பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல வந்த ஃபைலா இருந்தா இன்னும் மோசம், காப்பி பண்ணினா ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவுமா கொட்டும். 2010லயே யூனிகோடுதான்னு தமிழக அரசு ஆணை போட்டாச்சு, இன்னும் பதிப்பகம் பக்கம் பாமினி போகலை. அதனால அடிச்சுட்டு மாத்தற குறியில பாதிச் சொல்லை மட்டும் திருத்தாம முழுச் சொல்லையும் திருத்தி அடிச்சுடுவேன். சில சாஃப்ட்வேர்ல ஒரு எழுத்தைத் தேர்ந்தெடுக்கப் போனா கொம்பை விட்டுட்டு மெய்யை மட்டும் பிடிக்கும், முழுச் சொல்லா எடுத்தா அந்தத் தொல்லை இல்ல.

பக்கத்து மேலயே டைப் பண்ற டெக்ஸ்ட் பாக்ஸை தமிழுக்கு நம்பாதீங்க. அதுல எழுத்தோட உருவத்தை அந்த சாஃப்ட்வேர்தான் வரைஞ்சு ஃபைல்ல வைக்கணும், தமிழ் ஃபாண்ட் சரியில்லைன்னா கட்டம் கட்டமா வரும், இல்ல கால் ஒரு பக்கம் கொம்பு ஒரு பக்கம்னு பிய்ஞ்சு கிடக்கும். ஸ்டிக்கி நோட்ல வெறும் எழுத்து மட்டும் போகுது, திறக்கறவர் சிஸ்டத்துல இருக்கற தமிழ் ஃபாண்ட்ல காட்டிக்கும், அதனால அது பிழைச்சுக்குது.

எதை வெச்சுக்கலாம்னா, விண்டோஸ்ல ஆக்ரோபேட் ரீடர் இலவசமாவே போதும், ஃபாக்ஸிட்டும் கிட்டத்தட்ட அதே. பிடிஎஃப் எக்ஸ்சேஞ்ச் எடிட்டர்ல குறி போடறது இலவசம், காசு கட்ட வேண்டிய வசதியைத் தொட்டா பக்கத்துல முத்திரை விழும், கவனம். லினக்ஸ்ல ஒகுலர். ஃபயர்ஃபாக்ஸ்ல 106வது வெர்ஷன்ல இருந்து எழுதறதும் வரையறதும், அப்புறம் ஹைலைட்டும் வந்துச்சு, படிக்கறதுக்குத் தாராளம், புரூஃபுக்கு நான் எடுக்கறதில்ல.

மலை மேல இருக்கறவங்க இன்னொண்ணும் பாக்கணும். ஐப்பசி கார்த்திகை மழைல குன்னூர் கோத்தகிரி பக்கம் கரண்டும் போகும் டவரும் போகும், அப்ப பிரவுசர்ல லிங்க் திறந்து கமெண்ட் போடற கிளவுட் வசதி இருந்தும் இல்லாத மாதிரிதான். நெட் இல்லாம முழுசா ஓடணும், தானா சேவ் ஆகணும். டேப்லெட்ல மூடுபனி நாள்ல ஈரக்கைல தொட்டா கோடு எங்கேயோ இழுக்கும், ஸ்டைலஸ் இருந்தா ஓரளவு தப்பிக்கலாம், அப்பவும் கடைசி புரூஃப் லேப்டாப்லதான் பாப்பேன்.

நெட் பிரச்சனைக்கு எனக்குக் கிடைச்ச பெரிய நிம்மதி கமெண்ட்ஸை மட்டும் எக்ஸ்போர்ட் பண்றது. படம் நிறைய இருக்கற புத்தகம் பெரிய ஃபைலா இருக்கும், மழைல அதை அப்லோட் பண்றதுக்குள்ள விடிஞ்சுடும். எஃப்டிஎஃப் இல்ல எக்ஸ்எஃப்டிஎஃப்னு எடுத்தா குறிகள் மட்டும் சின்ன ஃபைலா வரும், மெயில்ல நொடில போயிடும், அந்தப் பக்கம் அவர்கிட்ட இருக்கற பிடிஎஃப்ல இம்போர்ட் பண்ணினா எல்லாம் அதது இடத்துல உக்காந்துடும். ரெண்டு பக்கமும் ஒரே ஃபைலா இருக்கணும், நடுவுல லேஅவுட் மாறி வரி ஓடியிருந்தா குறி எல்லாம் பக்கத்து வரில போய் நிக்கும். இந்த வசதி எல்லாத்துலயும் இருக்காது, வேலைல இறங்கறதுக்கு முன்னாடி மெனுவுல பாத்துக்கோங்க. அப்படியே செட்டிங்ஸ்ல உங்க பேரையும் போட்டுடுங்க, இல்லேன்னா விண்டோஸ்ல என்ன யூசர் பேரு இருக்கோ அதுதான் ஒவ்வொரு குறியிலயும் போகும், ரெண்டு பேர் புரூஃப் பாத்த புத்தகத்துல ரெண்டு பேருமே 'அட்மின்'னா யார்கிட்ட சந்தேகம் கேக்கறது?

ஸ்கேன் பண்ணின பழைய புத்தகங்கள், எங்க மாவட்ட கெசட்டியர் மாதிரி, அதெல்லாம் வெறும் படம், ஹைலைட் பிடிக்காது. கட்டம் போடலாம், இல்ல டெஸராக்ட்ங்கற சாஃப்ட்வேர் வெச்சு ஓசிஆர் பண்ணி (படத்துல இருக்கற எழுத்தைப் படிச்சு எடுக்கறது) பின்னாடி கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒண்ணு சேத்துக்கலாம். தமிழுக்கு அதுல தப்பு வரத்தான் செய்யும், ஆனா ஹைலைட் ஒட்டறதுக்கு அது போதும்.

ஆசிரியர்களுக்கு அனுப்பறது தனிக் கூத்து. வாட்ஸாப்ல வந்ததை ஃபோன்லயே பாத்துட்டு, மஞ்சளா ஏதோ இருக்கு உள்ள ஒண்ணும் இல்லையேம்மான்னு கேப்பாங்க. அவங்களுக்கு ஒரு காப்பி எடுத்து குறிகளோட விவரத்தையும் சேத்து பிரிண்ட்டுக்குப் போற மாதிரி பிடிஎஃப் ஆக்கி அனுப்பிடறேன். குறிகளைப் பக்கத்துலயே பதிச்சுடற ஃப்ளாட்டன் பண்றதா இருந்தாலும் காப்பிலதான் பண்ணணும், ஃப்ளாட்டன் ஆனதுக்கு அப்புறம் குறி பக்கத்தோட பக்கமா கலந்துடும், தம்பியால இம்போர்ட் பண்ண முடியாது, நம்மாலயும் அழிக்க முடியாது.