ஒரே ரத்தம், இரண்டு முடிவு: பி27 பரிசோதனையில் எதை நம்புவது?

நண்பர் ஒருவர் இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். இரண்டிலும் தேடியது ஒன்றைத்தான்: எச்எல்ஏ-பி27. முதலாவதில் பாசிட்டிவ், மூன்று வாரம் கழித்து இன்னொரு லேப்பில் எடுத்ததில் நெகட்டிவ். பிறக்கும்போதே வந்த மரபணு மூன்று வாரத்தில் ஓடிப்போகாது. "இதில் யார் பொய் சொல்றாங்க?" என்று கேட்டார். ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் 'முறை' என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள் என்றேன். முதலாவதில் ஃப்ளோ சைட்டோமெட்ரி. இரண்டாவதில் பிசிஆர்.

எச்எல்ஏ என்பவை அணுக்களின் மேல் அடையாள அட்டை மாதிரி ஒட்டியிருக்கும் புரதங்கள். பி27 என்பது ஆறாவது குரோமோசோமில் இருக்கும் எச்எல்ஏ-பி மரபணுவின் ஒரு வகை. காலையில் எழுந்ததும் இடுப்பு இறுகிக் கிடந்து, நடக்க நடக்க இளகும் அன்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற முதுகெலும்பு மூட்டு அழற்சிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு. ஐரோப்பிய வம்சாவளியினரில் இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேரிடம் இது இருக்கிறது. பொது மக்களில் 8 சதவீதம் பேரிடம்தான்.

இதைக் கண்டுபிடிக்க நான்கைந்து வழிகள் உண்டு. மூத்தது டெராசாகி தட்டு. 1964-ல் பால் டெராசாகியும் மெக்லெலண்டும் கொண்டுவந்தது. சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில், குழிக்கு ஒரு மைக்ரோலிட்டர் சீரம், அதாவது ரத்தம் உறைந்த பின் மேலே தெளியும் நீர். அந்தச் சீரம் பெரும்பாலும் பல பிள்ளைகள் பெற்ற பெண்களிடமிருந்து வந்தது. கருவில் இருக்கும் பிள்ளைக்குத் தகப்பன் வழியாக வந்த எச்எல்ஏ புரதங்களைத் தாயின் உடல் அந்நியமாகக் கண்டு எதிர்ப்பொருள் தயாரித்து வைத்திருக்கும். அதோடு நோயாளியின் வெள்ளணுக்களையும், முயல் சீரத்திலிருந்து, எதிர்ப்பொருள் ஒட்டிய அணுவைத் துளைக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களையும் சேர்ப்பார்கள். எதிர்ப்பொருள் பொருந்தினால் அணு செத்துச் சாயம் ஏறும். மைக்ராஸ்கோப்பில் குனிந்து குழி குழியாக எண்ண வேண்டும். உயிருள்ள அணு வேண்டும், நல்ல சீரம் வேண்டும், பார்ப்பவரின் கண்ணும் பழகியிருக்க வேண்டும். இன்று இதைப் பி27-க்காகச் செய்யும் இடங்கள் அருகிவிட்டன. எனக்கு அதில் வருத்தமில்லை.

ஆனால் மரியாதை உண்டு. 1973-ல் லண்டனில் ப்ரூவர்டன் குழு இந்த மாதிரி முறையில்தான் 75 நோயாளிகளில் 72 பேரிடம் பி27-ஐக் கண்டது. ஒப்பீட்டுக்கு எடுத்த 75 பேரில் 3 பேரிடம் மட்டுமே. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் ஷ்லாஸ்டீன், டெராசாகி உள்ளிட்ட குழுவுக்கு 40 நோயாளிகளில் 35 பேர் கிடைத்தார்கள். டிஎன்ஏவின் ஒரு எழுத்தைக்கூடப் படிக்காமல் கிடைத்த முடிவு இது.

சரி, நண்பரின் இரண்டு ரிப்போர்ட்டுக்கு வருவோம். உண்மையான போட்டி இங்கேதான்.

ஃப்ளோ சைட்டோமெட்ரியும் டிஎன்ஏவைத் தொடுவதில்லை. வெள்ளணுவின் மேல் ஒட்டியிருக்கும் பி27 புரதத்தைத் தேடுகிறது. ஒளிரும் சாயம் கட்டிய எதிர்ப்பொருளை ரத்தத்தில் கலந்து, சிவப்பணுக்களை உடைத்துவிட்டு, மிச்சத்தை லேசர் முன்னால் ஒவ்வோர் அணுவாக ஓட விடுவார்கள். எவ்வளவு ஒளிர்கிறது என்பதை வைத்து, ஒரு கோட்டுக்கு மேல் போனால் பாசிட்டிவ். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஏற்கெனவே ரத்தப் புற்றுநோய்ப் பரிசோதனைகளுக்காக அந்த இயந்திரம் இருக்கும் லேப்புக்குக் கூடுதல் செலவும் பெரிதில்லை.

சிக்கல் அந்தக் கோட்டில்தான். பி7 என்ற இன்னொரு வகை பி27-க்கு முகச்சாயலில் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. பி27-க்கான எதிர்ப்பொருள் பி7 மேலும் கொஞ்சம் ஒட்டும். அதனால் நல்ல கிட்களில் பி7-க்குத் தனியாக இன்னொரு எதிர்ப்பொருளும் சேர்த்திருப்பார்கள். அப்படியும் சிலருடைய முடிவு கோட்டின் மேலேயே வந்து உட்காரும். ரத்தம் வண்டியில் இரண்டு மூன்று நாள் பயணம் செய்து வந்திருந்தால் அணுக்கள் வாடி இன்னும் குழப்பும். ஒழுங்கான லேப், எல்லைக்கோட்டு முடிவைப் பிசிஆருக்கு அனுப்பிவிட்டுத்தான் ரிப்போர்ட் தரும். நண்பருடையது அனுப்பப்படவில்லை போலிருக்கிறது. அவருக்குப் பி7 இருக்கலாம் என்பது என் ஊகம்.

பிசிஆர் நேராக மரபணுவிடமே கேட்கிறது. பி27-க்கே உரிய எழுத்து வரிசையில் மட்டும் ஒட்டும் ப்ரைமர் என்ற சின்ன டிஎன்ஏ துண்டைப் போடுகிறார்கள். வரிசை இருந்தால் அந்தத் துண்டு கோடிக்கணக்கில் பெருகும். ஜெல்லில் பட்டையாகவோ கணினித் திரையில் வளைவாகவோ தெரியும். இல்லாவிட்டால் பெருகாது. நடுவில் சாம்பல் நிறம் அநேகமாகக் கிடையாது. எல்லோரிடமும் இருக்கும் வேறொரு மரபணுவையும் கூடவே பெருக்கிப் பார்ப்பார்கள்; அந்தப் பட்டையும் வராவிட்டால் நெகட்டிவ் இல்லை, பரிசோதனையே தோல்வி. இந்தச் சின்ன ஏற்பாட்டுக்காகவே எனக்குப் பிசிஆர் பிடிக்கும். ரத்தம் நாலு நாள் தாமதமாக வந்தாலும் டிஎன்ஏ தாங்கும். ஒரே நிபந்தனை, ரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் போட்ட குழாயில் எடுக்கக் கூடாது, அது பிசிஆர் நொதியை மடக்கிவிடும். இடிடிஏ குழாய்தான் சரி. நேரம் சற்றுக் கூடும், முந்தைய மாதிரியின் துளி கலந்துவிடாமல் காக்கும் ஒழுக்கமும் வேண்டும்.

இதற்கும் மேலே சீக்வென்சிங். எழுத்து எழுத்தாகப் படிப்பதால், பி27-க்குள் இருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட உள்வகைகளில் எது என்று சொல்லிவிடும். அதில் ரசமான விஷயம் ஒன்று உண்டு. இத்தாலியின் சார்டீனியா தீவில் காணப்படும் 27:09, பரவலான 27:05-லிருந்து ஒரே ஓர் அமினோ அமிலத்தில்தான் வேறுபடுகிறது: 116-ஆம் இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின். 27:05 நோயோடு கைகோத்து வருகிறது, 27:09 அநேகமாக வருவதில்லை. தென்கிழக்கு ஆசியாவின் 27:06-ம் அப்படித்தான், அதிலும் 116-ஆம் இடம் மாறியிருக்கிறது. ஆராய்ச்சியாளருக்கு இது தங்கம். முதுகுவலியோடு வந்த ஒருவருக்குப் பெரும்பாலும் வீண்செலவு.

மரபணு சிப் வேறு ரகம். தனி ஆளுக்கானதல்ல, கூட்டத்துக்கானது. ஒரே நேரத்தில் பல்லாயிரம் இடங்களில் எழுத்து மாற்றத்தைப் பார்க்கும். 2007-ல் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியா, அமெரிக்காவிலும் இருந்த குழுக்கள் சேர்ந்து இப்படித்தான் ஈஆர்ஏபி1, ஐஎல்23ஆர் என்ற இரண்டு மரபணுக்களுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைப் பிடித்தன. அப்புறம் நடந்தது வேடிக்கை. ஐஎல்23ஆர் மரபணு தரும் ஏற்பியில் வந்து ஒட்டும் அழற்சிப் புரதமான ஐஎல்-23-ஐத் தடுக்கும் மருந்துகள் இந்த முதுகெலும்பு நோயில் கைகொடுக்கவில்லை; அதே பாதையில் சற்றுக் கீழே இருக்கும் ஐஎல்-17-ஐத் தடுக்கும் செக்குகினுமாப் கைகொடுத்தது. சிப் வந்த பிறகு எத்தனையோ மரபணு இடங்கள் பட்டியலில் சேர்ந்தும், தனியாக எதுவும் 1973-ல் கிடைத்த பி27-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

நண்பருக்குச் சொன்னது இதுதான்: இரண்டில் பிசிஆரை நம்புங்கள். ஆனால் நெகட்டிவ் என்பதால் நோய் இல்லை என்று ஆகாது, பத்தில் ஒரு நோயாளிக்குப் பி27 இருப்பதில்லை. பாசிட்டிவாக இருந்திருந்தாலும் பயந்திருக்க வேண்டியதில்லை, அது உள்ளவர்களில் மிகச் சிலருக்கே இந்த நோய் வருகிறது. அவருடைய டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் ஓரமாக வைத்துவிட்டு, காலையில் எவ்வளவு நேரம் இறுக்கம் இருக்கிறது என்று கேட்டாராம். முக்கால் மணி நேரம் என்றதும், முதுகெலும்பின் அடி இடுப்பெலும்போடு சேரும் மூட்டுக்கு எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்துவிட்டார்.