பழைய மினி டிராக்டருக்கு பவர் ஸ்டீயரிங் மாட்டித் தருகிறோம் என்பவர்களிடம் உஷார்

பழைய மினி டிராக்டர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். ஸ்டீயரிங் ஆட்டத்தைச் சரிசெய்யத்தான் வண்டியைக் கொடுத்தேன். காரிலிருந்து கழற்றிய பவர் ஸ்டீயரிங்கை மாட்டி, ஸ்டீயரிங் ஷாஃப்ட்டை அறுத்து வெல்டிங் வைத்து, 24,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். ஆட்டம் மட்டும் போகவில்லை. பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

எங்களுடையது பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, ஊடுபயிராகக் கோகோ. 18 ஹெச்பி சின்ன வண்டி. மர வரிசைக்குள் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்டும்போது ஒரு சாண் விலகினாலும் சொட்டுநீர்க் குழாய் காலி. ஸ்டீயரிங் வீலைக் கால் வட்டம் திருப்பிய பிறகுதான் முன்சக்கரம் அசையவே ஆரம்பிக்கும் என்ற நிலைக்கு வண்டி வந்துவிட்டது. தார்ரோட்டில் ஏறினால் கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

பட்டறைக்காரர் ஜாக்கி போடவில்லை, சக்கரத்தைத் தொடவும் இல்லை. சீட்டில் ஏறி உட்கார்ந்து வீலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிப் பார்த்தார். “ஏனுங்ணா, இந்தக் காலத்துல போய் இதுகூட மல்லுக்கட்டிட்டு இருக்கீங்க? பவர் ஸ்டீயரிங் போட்டுக்குங்க, ஒத்தை விரல்ல திருப்பலாம்” என்றார். ஆட்டம் போய்விடுமா என்று கேட்டதற்கு, “அதெல்லாம் மொத்தமா போயிருமுங்க” என்று பதில்.

இங்கேதான் ஏமாற்று வேலை. ஸ்டீயரிங் கனமாக இருப்பது ஒரு கோளாறு, ஆட்டமாக இருப்பது வேறொரு கோளாறு. பவர் ஸ்டீயரிங் கனத்தை மட்டும்தான் குறைக்கும். முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டான டை ராடு எண்டும், சக்கரம் இடவலம் திரும்பும் அச்சாணியின் உறையான கிங் பின் புஷ்ஷும் தேய்ந்து கிடந்தால், மேலே எத்தனை மோட்டார் வைத்தாலும் அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கும். பல் ஆடுகிறது என்று போனவனுக்குக் கண்ணாடி மாட்டி அனுப்பிய கதைதான் இது. இது தெரியாத மெக்கானிக் இருக்க முடியாது.

அவர் மாட்டியது இபிஎஸ் எனப்படும் எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். நாம் வீலில் கொடுக்கும் முறுக்கை ஒரு சென்சார் அளந்து சொல்லும், அதற்கு ஏற்ப மோட்டார் உதவும். காரில் வேகத்தைப் பார்த்து இந்த உதவி கூடும், குறையும். டிராக்டரில் அந்த வேகத் தகவல் எங்கிருந்து வரும்? அதனால் தோப்பிலும் ரோட்டிலும் ஒரே மாதிரி லேசாகத் திரும்பும். ஆட்டம் உள்ள வண்டியில் இது முன்பைவிட மோசம். முன்பு சக்கரம் பிடிப்பது கைக்குத் தெரியும். இப்போது தெரியாது, தேவைக்கு மேல் திருப்பிவிட்டு மறுபடி இழுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் கரண்ட். நின்ற இடத்தில் முழுசாகத் திருப்பும்போது இந்த மோட்டார் நிறைய ஆம்பியர் இழுக்கும். சின்ன டிராக்டரின் சார்ஜிங், ஹெட்லைட்டுக்கும் செல்ஃபுக்கும் கணக்குப் பண்ணி வைத்தது. காலையில் செல்ஃப் எடுக்காமல் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் வாய்க்கால் ஓரம் திருப்பும்போது ஃபியூஸ் போய், வீல் திடீரென்று இறுகிவிட்டது. நல்ல வேளை, முதல் கியர்.

அன்றைக்குத்தான் டேஷ் தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். பழைய ஷாஃப்ட்டை நடுவில் அறுத்து, கார் ஷாஃப்ட்டோடு சேர்க்க மேலே ஒரு துண்டுப் பைப்பைச் சொருகி, சுற்றிலும் வெல்டிங். பல் வைத்த இணைப்பு கிடையாது. இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் அங்கே கோணம் மாறினாலும் சுழலும் யுனிவர்சல் ஜாயிண்ட் கட்டாயம் வேண்டும், அதுவும் இல்லை. வெல்டிங் மேல் கறுப்பு பெயிண்ட் கனமாகப் பூசியிருந்தது. ஓர் இடத்தில் பெயிண்ட் உரிந்து, அடியில் முடி கனத்துக்கு ஒரு கோடு, கோடு நெடுக செந்துரு. நகத்தை வைத்தால் தட்டுப்படுகிறது. வெல்டிங் ஓரத்தில் விரிசல். வேகமாகப் போகும்போது அது விட்டிருந்தால் கையில் வெறும் வீல்தான் இருந்திருக்கும்.

கேட்கப் போனபோது தோரணையே மாறியிருந்தது. “கார் சாமானுங்க, டிராக்டருக்கு அப்பிடித்தான் இருக்கும்.” பில் கேட்டேன். “நமக்குள்ள எதுக்குங்க பில்லு?” ஒரு துண்டுச் சீட்டில் ‘வேலை 24,000’ என்று எழுதிக் கொடுத்தார், கையெழுத்துகூட இல்லை.

பிறகு உடுமலைப் பக்கத்து வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் செய்ததை விவரமாகவே சொல்கிறேன், உங்கள் வண்டியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, அதற்கும் அடியில் கட்டை வைத்தார். சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டினார்: டை ராடு எண்ட் லொடலொடத்தது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினார்: கிங் பின் புஷ்ஷும் போயிருக்கிறது. அதே ஆட்டத்துக்கு வீல் பேரிங்கும் காரணமாகலாம். சக்கரத்தோடு சேர்ந்து, அது மாட்டியிருக்கும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்சிலும் ஆடினால் புஷ், சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். பிறகு வண்டியைக் கீழே இறக்கி, என்னை வீலை லேசாக ஆட்டச் சொல்லி, வீல் சுழல்வதை முன்சக்கரத் திருப்பமாக மாற்றும் ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு ஜாயிண்டாகக் கைவைத்துப் பார்த்தார். எந்த ஜாயிண்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் சும்மா நிற்கிறதோ, அதுதான் ஆள்.

பாக்ஸிலும் முந்தைய பட்டறைக்காரர் கைவைத்திருந்தார். பக்கவாட்டில் லாக் நட்டோடு ஒரு அட்ஜஸ்டிங் ஸ்குரூ இருக்கும். அதை முழுக்க முறுக்கிவிட்டால் நேராக ஓடும்போது ஆட்டம் குறைந்த மாதிரி தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் மரை போன்ற வோர்ம் அதிகம் தேய்வது நடுப்பகுதியில், ஓரங்கள் தேய்ந்திருக்காது. நடுவுக்கு அளவெடுத்து முறுக்கினால் முழு வளைவில் இறுகிப் பிடிக்கும். பவர் ஸ்டீயரிங் மோட்டார் அந்த இறுக்கத்தை எனக்குத் தெரியாமல் மறைத்திருக்கிறது.

பெரியவர் ஸ்குரூவைத் தளர்த்தி வைத்தார். டை ராடு எண்ட் புதுசு, பாக்ஸை முன்சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் பால் ஜாயிண்ட் புதுசு, லேத்தில் கன்மெட்டல் புஷ் கடைந்து ரீமர் விட்டு கிங் பின்னுக்குப் பொருத்தினார். நட்டு கழன்று வராமல் இருக்க, கேசில் நட்டுக்கு எல்லாம் புது ஸ்பிலிட் பின். சக்கரங்கள் முன்பக்கம் சில மில்லிமீட்டர் உள்ளே ஒடுங்கி இருக்கும்படி டோ-இன் வைத்து, நிப்பிள் எல்லாவற்றிலும் கிரீஸ் அடித்தார். ஷாஃப்ட்டை மட்டும் ஒட்ட முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார், டீலரிடம் புதுசே வாங்கினேன். ஷாஃப்ட் தவிர்த்து மொத்தச் செலவு 6,000-க்குள். இத்தனைக்கும் அந்த ஷாஃப்ட் செலவே பட்டறைக்காரர் அறுத்ததால் வந்ததுதான்.

என்னைப் போலப் புகார் கொடுக்க நினைப்பவர்களுக்கு: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், ஆன்லைனிலேயே கொடுக்கலாம். பில் இல்லாத எனக்குக் கைகொடுத்தது ஜிபே ரசீதும், பட்டறைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ‘ஆட்டம் சுத்தமா இருக்காது’ என்ற வாய்ஸ் மெசேஜும். பணத்தைக் கையில் கொடுத்திருந்தால் இதுவும் இருந்திருக்காது.

அந்த இபிஎஸ்ஸைக் கழற்றி, வெல்டிங் துண்டோடு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் தன் வண்டிக்கு மாட்ட அதை விலைக்குக் கேட்டார். வழக்குக்கு வேண்டும், தர முடியாதுங்க என்று சொல்லி, ஜாக்கியை மட்டும் கொடுத்து அனுப்பினேன்.