சென்னையிலிருந்து அமெரிக்க அதிபர் தேர்தலில் வாக்களிப்பது: எஃப்விஏபி சேவை எப்படி இருக்கிறது?

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டு ஓய்வுக்காலத்தில் பெசன்ட் நகருக்கோ அண்ணா நகருக்கோ திரும்பிய பெற்றோர், ஓஎம்ஆரில் வேலைக்கு வந்த பிள்ளைகள், அங்கே பிறந்து இங்கே படிக்கும் பேரப்பிள்ளைகள் என்று அமெரிக்க வாக்குரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் சென்னையில் இருக்கின்றன. 2024 தேர்தலில் இந்த வீடுகளில் ட்ரம்ப்பா, ஹாரிஸா என்ற வாக்குவாதம் சாப்பாட்டு மேசை வரை வந்தது. கமலா ஹாரிஸின் தாயார் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர் என்பது சிலருக்குப் போதுமான காரணம். வரி, எல்லைப் பாதுகாப்பு, விலைவாசி என்று வேறு கணக்குப் போட்டவர்களும் அதே வீட்டில் இருந்தார்கள். யாருக்குப் போடுவது என்பதில் கருத்து வேறுபாடு இருப்பது நல்லதுதான். ஆனால் போட்ட வாக்கு எண்ணப்பட வேண்டும். அதற்கான சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு.

சேவையின் பெயர் ஃபெடரல் வோட்டிங் அசிஸ்டன்ஸ் புரோகிராம், சுருக்கமாக எஃப்விஏபி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்குகிறது. ராணுவத்தினருக்கும் வெளிநாட்டில் வாழும் குடிமக்களுக்கும் 1986இல் வந்த சட்டம்தான் இதற்கு அடிப்படை. இணையதளத்தில் இரண்டு படிவங்கள் முக்கியம். ஒன்று எஃப்பிசிஏ, பதிவும் வாக்குச்சீட்டு கோருவதும் இந்த ஒரே விண்ணப்பத்தில் முடிந்துவிடும். இன்னொன்று எஃப்டபிள்யூஏபி, சீட்டு வந்து சேராதபோது கையால் எழுதி அனுப்பும் மாற்று வாக்குச்சீட்டு. கட்டணம் எதுவும் கிடையாது. தமிழில் வழிகாட்டுதல் இல்லை, அது ஒரு குறை. ‘வோட் ஃப்ரம் அப்ராட்’ என்ற தளத்திலும் இதே விண்ணப்பத்தை நிரப்பலாம். அதை நடத்துவது ஜனநாயகக் கட்சியின் வெளிநாட்டுக் கிளையான டெமாக்ரட்ஸ் அப்ராட் அமைப்பு. வீட்டில் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் இருந்து அவருக்கு அது உறுத்தினால், கட்சி சாராத எஃப்விஏபி தளத்துக்கே போய்விடுங்கள்.

முதலில் யாருக்கு இது பொருந்தாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் எச்1பி விசாவில் இருந்தவர்களும் இந்தப் பக்கமே வரக்கூடாது. குடிமகன் அல்லாதவர் ஃபெடரல் தேர்தலில், அதாவது அதிபரையும் அமெரிக்க நாடாளுமன்றத்தையும் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், வாக்களிப்பது குற்றம், நாடு கடத்தல் வரை போகும். அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள் தாராளமாக வாக்களிக்கலாம்.

விண்ணப்பத்தைத் தளமே கேள்வி கேள்வியாகக் கேட்டு நிரப்பித் தருகிறது. பதினைந்து, இருபது நிமிடத்தில் முடியும் வேலை. கேட்கும் முகவரி, நீங்கள் அமெரிக்காவில் கடைசியாகக் குடியிருந்த வீட்டின் முகவரி. அந்த வீட்டை விற்றிருந்தாலும், வாடகை வீடாக இருந்து காலி செய்திருந்தாலும் அதே முகவரிதான். அங்கே ஒருநாளும் குடியிருக்காத பிள்ளைகளுக்குப் பல மாநிலங்கள் பெற்றோரின் கடைசி முகவரியை ஏற்கின்றன. ஏற்காத மாநிலங்களும் உண்டு. மாநிலத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

தமிழர்களின் விண்ணப்பம் தடுக்கி விழும் இடம் பெயர். இன்ஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கிய பாஸ்போர்ட், வேறு வரிசையில் எழுதிய ஓட்டுநர் உரிமம், கணவர் பெயர் சேர்ந்த வாக்காளர் பதிவு என்று ஒருவருக்கே மூன்று வடிவம் இருக்கும். கவுண்ட்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) தேர்தல் அலுவலகம் பார்ப்பது தன்னிடம் உள்ள பதிவை. எனவே அந்தப் பதிவில் உள்ள எழுத்துகளை அப்படியே எழுத வேண்டும். முந்தைய பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அதையும் நிரப்புங்கள். கையெழுத்தும் அப்படித்தான். பல மாநிலங்கள் உறையில் உள்ள கையெழுத்தைப் பழைய கையெழுத்தோடு ஒப்பிடுகின்றன. சென்னை வங்கியில் தமிழில் போட்டுப் பழகிய கை, ஓட்டுநர் உரிமத்தில் ஆங்கிலத்தில் போட்டதை மறந்திருக்கும். பழைய உரிமத்தின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையெழுத்திடுவது நல்லது.

‘திரும்பிப் போக எண்ணம்’, ‘திரும்புவது நிச்சயமில்லை’ என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் சில மாநிலங்கள் அதிபர், செனட், பிரதிநிதிகள் சபை மட்டும் உள்ள சீட்டைத்தான் தரும். ஃபெடரல் பதவிகளுக்கு மட்டும் வாக்களிப்பதால் மாநில வருமான வரி வந்து ஒட்டாது. மாநில, உள்ளூர்ப் பதவிகளுக்கும் வாக்களித்தால் வசிப்பிடம் பற்றிய கேள்வி எழலாம். அதற்கு உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

சீட்டு எப்படி வர வேண்டும் என்ற கேள்விக்கு மின்னஞ்சலைத் தேர்ந்தெடுங்கள். அஞ்சலில் கேட்டால் வருவதற்கே வாரங்கள் போகும், திருப்பி அனுப்ப நேரம் மிஞ்சாது. 2009 சட்டத்தின்படி, உரிய காலத்தில் விண்ணப்பித்தவருக்குத் தேர்தலுக்கு 45 நாள் முன்பே சீட்டை அனுப்பியாக வேண்டும். மின்வழியிலும் தர வேண்டும். 2028 தேர்தல் நவம்பர் 7. அப்படியானால் செப்டம்பர் 23க்குள் சீட்டு உங்கள் பெட்டியில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை ஆண்டுதோறும் ஜனவரியில் புதுப்பித்துவிடுங்கள். நான்கு ஆண்டுக்கு முன் போட்ட விண்ணப்பம் இன்னும் உயிரோடு இருக்கும் என்று நம்புவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

இதுவரை சேவை பிரமாதம். 5க்கு 4½ தரலாம். திருப்பி அனுப்பும் கட்டத்தில்தான் மதிப்பெண் சரிகிறது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். மாசசூசெட்ஸ் மின்னஞ்சலில் ஏற்கிறது. கலிஃபோர்னியா ஃபேக்ஸில் ஏற்கிறது. நியூ ஜெர்சி மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு மூலத்தாளையும் அஞ்சலில் அனுப்பச் சொல்கிறது. நியூயார்க், பென்சில்வேனியா, ஜார்ஜியா ஆகியவற்றில் காகிதம்தான் போய்ச் சேர வேண்டும். டெக்சாஸிலும் வெளிநாட்டில் வாழும் சாதாரணக் குடிமக்களுக்கு அதே விதி. எந்தக் கட்சிப் பக்கமும் சாயக்கூடிய இழுபறி மாநிலங்களான பென்சில்வேனியாவும் ஜார்ஜியாவும் இந்தப் பட்டியலில் இருப்பது கவலைக்குரியது. அதிபரைத் தீர்மானிப்பது நாடு முழுக்க விழும் மொத்த வாக்கு அல்ல, மாநிலவாரியாகச் சேரும் 538 எலெக்டோரல் வாக்குகளில் 270. 2016இல் ஹிலாரி கிளிண்டன் ஏறத்தாழ 29 லட்சம் வாக்கு கூடுதலாகப் பெற்றும் தோற்றார். 2000இல் ஃபுளோரிடா 537 வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த உறைகளில் அஞ்சல் முத்திரை இருந்ததா இல்லையா என்பதே அன்று பெரிய தகராறு. இழுபறி மாநிலத்தில் பதிவு உள்ளவர்கள் உறை விஷயத்தில் அசட்டையாக இருக்கவே கூடாது.

காகித வழிக்கு வருவோம். மின்னஞ்சலில் வந்த சீட்டு அமெரிக்க லெட்டர் அளவில் இருக்கும். நம் ஜெராக்ஸ் கடைகளில் இருப்பது ஏ4. ‘ஃபிட்’ என்று கொடுத்து ஓரம் வெட்டுப்படாமல் அச்சிடச் சொல்லுங்கள். அளவு மாறியதற்காகச் சீட்டை ஒதுக்க மாட்டார்கள், அங்கே அதிகாரிகள் சரியான தாளில் நகலெடுத்து இயந்திரத்தில் விடுவார்கள். வட்டங்களைக் கருப்புப் பேனாவால் நிரப்புங்கள். சீட்டை மறைக்கும் உள் உறையை (ரகசிய உறை) கேட்கும் மாநிலமாக இருந்தால் அதை விடவே கூடாது. பென்சில்வேனியாவில் ரகசிய உறையில்லாத சீட்டை எண்ணக்கூடாது என்று 2020இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வெளி உறையில் கையெழுத்து, தேதி இரண்டும் வேண்டும். தேதியில் மாதம் முதலில் வரும், நாள் அடுத்து.

அனுப்ப மூன்று வழி. முதல் வழி அண்ணா சாலை ஜெமினி மேம்பாலம் அருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம். எஃப்விஏபி தளத்தில் உள்ள ‘தபால் கட்டணம் செலுத்தப்பட்டது’ என்ற உறை வடிவத்தை அச்சிட்டு ஒட்டி அங்கே கொடுத்தால், தூதரகப் பையில் அமெரிக்கா போகும். செலவில்லை. ஆனால் நான்கு வாரம் வரை ஆகலாம், ஆகவே செப்டம்பர் கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும். கிளம்பும் முன் எந்த நாள், எந்த நேரம் என்று அவர்கள் தளத்தில் பாருங்கள். இந்திய விடுமுறை, அமெரிக்க விடுமுறை இரண்டுக்கும் மூடியிருப்பார்கள். செல்போனை உள்ளே விடமாட்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த இலவச உறையை நம்மூர் சிவப்புத் தபால் பெட்டியில் போட்டால் போகாது. அந்த அச்சு அமெரிக்க அஞ்சலுக்கு மட்டுமே செல்லும். இந்திய அஞ்சல் வழியாக அனுப்பினால் முழு வெளிநாட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். அதுதான் இரண்டாவது வழி: பெரிய தபால் நிலையத்துக்கு நேரில் போய், பதிவு எண்ணோடு அனுப்பி, தேதி முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். மூன்றாவது வழி தனியார் கூரியர். செலவு அதிகம், சில நாளில் சேர்ந்துவிடும். தேர்தல் அலுவலகம் தபால் பெட்டி எண்ணை மட்டும் தந்திருந்தால் கூரியர் அங்கே பட்டுவாடா செய்யாது. தெரு முகவரியைக் கேட்டு வாங்குங்கள். ஐப்பசி மழையும் தீபாவளி விடுமுறையும் ஒன்றாக வரும் நேரம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அதிபர் மாளிகையில் நடக்கும் களேபரம் இந்தச் சேவையைத் தொடுமா? பெரும்பாலும் தொடாது. எஃப்விஏபியைக் கையில் வைத்திருக்கும் பாதுகாப்புத் துறைக்கு ட்ரம்ப்பின் முதல் ஆட்சியில் அமைச்சர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஜேம்ஸ் மாட்டிஸ் 2018 டிசம்பரில் ராஜினாமா செய்தார், மார்க் எஸ்பரைத் தேர்தல் முடிந்த ஆறாம் நாள், 2020 நவம்பர் 9இல், நீக்கினார்கள். ஆனாலும் சீட்டை அனுப்புவதும் எண்ணுவதும் கவுண்ட்டி அலுவலகங்கள். அவை மேலிடத்தின் சண்டைக்காக நிற்பதில்லை. வேட்பாளரே மாறினாலும் விண்ணப்பம் கெடாது: 2024 ஜூலை 21இல் பைடன் விலகியபோது, அதற்குமுன் விண்ணப்பித்தவர் யாரும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

தொட்ட இடங்களும் உண்டு. 2025 மார்ச்சில் அதிபர் ட்ரம்ப் பிறப்பித்த நிர்வாக ஆணை, எஃப்பிசிஏவோடு குடியுரிமை ஆவணமும் கேட்கச் சொன்னது. நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அடுத்தது தபால். அமெரிக்கச் சுங்க விதி மாறியதால் 2025 ஆகஸ்ட் 25 முதல் இந்திய அஞ்சல் துறை அங்கே பார்சல் அனுப்புவதை நிறுத்தியது, சில நாளில் கடிதங்களும் ஆவணங்களும்கூட நின்றன. அக்டோபர் 15இல்தான் மீண்டும் தொடங்கியது. அதிபர் தேர்தல் ஆண்டில் இதே தேதிகளில் இது நடந்திருந்தால், காகிதம் மட்டும் ஏற்கும் மாநிலத்தவருக்கு இரண்டாவது வழி அடைந்தே போயிருக்கும். ஆகவே விண்ணப்பிக்கும் அன்றே, தளத்தில் உங்கள் மாநிலத்தின் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். சென்ற தேர்தலில் படித்ததை நம்ப வேண்டாம்.

இன்னொரு விஷயம் ரகசியம். மின்னஞ்சலிலோ ஃபேக்ஸிலோ அனுப்புபவர், வாக்கின் ரகசியத்தை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திட நேரும். அங்கே உள்ள அலுவலர் பார்ப்பதைவிட இங்கே வீட்டில் பார்ப்பதுதான் பெரிய சிக்கல். கணினி தெரியாத அம்மாவின் சீட்டை மகன் ஸ்கேன் செய்கிறான். அவனுக்குப் பிடிக்காத பெயரில் வட்டம் நிரம்பியிருக்கிறது. பார்வைக் குறைபாடோ உடல் ஊனமோ உள்ளவர், படிக்கத் தெரியாதவர் தனக்கு வேண்டியவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். முதலாளியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. உதவிக்கு வருபவர் அம்மா சொன்னபடி நிரப்ப வேண்டும், வேறெதுவும் செய்யக்கூடாது. கட்சி பிரிந்து கிடக்கும் வீட்டில் காகித வழியே மரியாதையானது: அச்சிட்டுக் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள், உறையை அவர்களே ஒட்டட்டும்.

தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போதும் சீட்டு வரவில்லையா? எஃப்டபிள்யூஏபியை எடுங்கள். அதில் வேட்பாளர் பெயரைக் கையால் எழுதலாம், பெயரில் குழப்பமென்றால் கட்சியின் பெயரை எழுதினாலும் செல்லும். பிறகு அசல் சீட்டு வந்தால் அதையும் நிரப்பி அனுப்புங்கள், ஒன்றைத்தான் எண்ணுவார்கள். இந்த மாற்று ஏற்பாட்டுக்கு முழுதாக 5 மதிப்பெண் தரலாம். திருப்பி அனுப்பும் கட்டத்துக்கு 2½க்கு மேல் தர மனம் வரவில்லை.

மின்னஞ்சலில் அனுப்புபவர்கள் நேரத்தையும் கவனிக்க வேண்டும். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரம் மாறிவிடும். உதாரணத்துக்கு, மின்னஞ்சலில் ஏற்கும் மாசசூசெட்ஸின் பாஸ்டனுக்கும் நமக்கும் அப்போது இடைவெளி பத்தரை மணி. அங்கே வாக்குப்பதிவு முடியும் செவ்வாய் இரவு 8 மணி என்பது இங்கே புதன் காலை 6.30. அனுப்பிய பின் மாநிலத் தேர்தல் தளத்தில் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்துச் சீட்டு சேர்ந்ததா என்று பாருங்கள். அந்த வசதியை இலவசமாகத் தருவது சட்டப்படி அவர்கள் கடமை. ‘கையெழுத்து பொருந்தவில்லை’ என்று காட்டினால் அன்றே கவுண்ட்டிக்கு எழுதுங்கள். திருத்திக்கொள்ள அவகாசம் தரும் மாநிலங்களிலும் அந்த அவகாசம் சில நாட்கள்தான்.