சூதாட்ட விடுதி வழக்கு: மேல்முறையீடா, சீராய்வா?

தமிழ்நாடு சூதாட்டச் சட்டம், 1930-ன் கீழ் சூதாட்ட விடுதி நடத்தியதாக மாஜிஸ்திரேட் தண்டித்துவிட்டாரா? 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். அங்கே சாட்சியத்தையே அலசலாம்: சோதனைக்கு வாரன்ட் இருந்ததா, மகஜர் (பறிமுதல் பதிவு) சாட்சி பல்டி அடித்தாரா, கிளப் வாங்கியது வெறும் மேஜைக் கட்டணமா, பந்தயப் பணத்தில் கமிஷனா? செகந்திராபாத்தில் இருந்த ஒரு கிளப் மீதான வழக்கில் (1968) ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்தான் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் ஆட்டத்தில் கிளப் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் சொன்னது. ஆகவே கணக்குப் புத்தகம்தான் உயிர்நாடி.

சீராய்வுக்கு (கீழ் நீதிமன்றத் தீர்ப்பு சரியா என மேல் நீதிமன்றம் பரிசீலிக்கும் ‘ரிவிஷன்’) 90 நாள் கெடு. இது தாராளமாகத் தோன்றும், ஆனால் மேல்முறையீட்டு உரிமை உள்ளவர் அதை விட்டுவிட்டு நேரே சீராய்வுக்குப் போக முடியாது. அங்கே பெரும்பாலும் சட்டப் பிழைதான் பார்ப்பார்கள். மேல்முறையீட்டில் தோற்றவருக்கு உயர் நீதிமன்றத்தில் அதுவே அடுத்த படி.

‘அபராதம் கட்டி முடிச்சிடலாம்’ என்று குற்றத்தை ஒப்புக்கொண்டவர், மேல்முறையீட்டில் தண்டனையைப் பற்றி மட்டுமே வாதாடலாம்.