7 கிலோ சொல்லும் டப்பாவா, அரைக் கிலோ சொல்லும் டப்பாவா?

அக்கா மகன் போன மாதம் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ஜிம்மில் சேர்ந்தான். இரண்டாவது வாரமே கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்து நின்றான். "மாமா, மாசம் 2,500 ரூபாய்தான் அம்மா தருவாங்க. இதுல எதை வாங்கலாம்?" சீட்டில் கிரியாட்டின், வே புரோட்டீன், எச்எம்பி, பிசிஏஏ, அஸ்வகந்தா, டிரிபுலஸ், மாஸ் கெய்னர் என்று ஏழு பெயர்கள். ஒவ்வொன்றையும் சாப்பிட்டால் எத்தனை கிலோ ஏறும் என்று கடையில் சொன்ன கணக்கையும் எதிரே குறித்திருந்தான். எச்எம்பிக்கு 7 கிலோ. கிரியாட்டினுக்கு "1 கிலோ, அதுவும் தண்ணி".

"அப்ப எச்எம்பிதானே மாமா பெஸ்ட்?"

நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன். பதினைந்து வருடமாக எடை தூக்குகிறேன். அவனுக்கு அன்று வாயால் சொன்னதை நிதானமாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. ஏனென்றால் அவன் சீட்டில் இருந்த 7 கிலோ கடைக்காரர் இட்டுக்கட்டியது இல்லை. அது நிஜமாகவே ஒரு ஆய்விதழில் அச்சான எண். அதனால்தான் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டை. அப்பா கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். வெள்ளிக் கட்டி கைக்கு வந்ததும் எடையைக் கேட்க மாட்டார், "டச் எவ்வளவு?" என்றுதான் கேட்பார். தராசில் கனமாக நிற்பதில் எத்தனை பங்கு வெள்ளி, எத்தனை பங்கு செம்பு என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி. ஆய்வு முடிவுகளையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

கிரியாட்டினும் எச்எம்பியும்

முதலில் எச்எம்பி. புரதத்தில் உள்ள லியூசின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு சிறு பங்கை, ஏறக்குறைய 5 சதவீதத்தை, நம் உடலே எச்எம்பியாக மாற்றிக்கொள்கிறது. 1996-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் நிசன் குழு, இதைத் தனியாகக் கொடுத்தால் தசை இழப்பு குறைகிறது என்று எழுதியதிலிருந்துதான் கதை தொடங்குகிறது. பெரிய எண் வந்தது 2014-ல். ஏற்கெனவே பயிற்சி உள்ள இளைஞர்கள் இருபது பேர் அளவில், 12 வாரம், தினம் 3 கிராம் எச்எம்பி. சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை சராசரியாக 7.4 கிலோ கூடியது, எச்எம்பி இல்லாத போலி மருந்து சாப்பிட்டவர்களுக்கு 2.1 கிலோ. 2016-ல் அதோடு, தசைக்கு எரிபொருள் போன்ற ஏடிபியும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் 8.5 கிலோ என்று வந்தது.

இந்த இடத்தில் வேறொரு ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1996-ல் ஷாலேந்தர் பாசின் குழு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டது. 43 ஆண்கள், 10 வாரம். ஒரு பிரிவுக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன், ஒரு ஸ்டீராய்டு) ஊசியும் பயிற்சியும். அது உடல் இயல்பாகச் சுரப்பதைவிடப் பல மடங்கு. அவர்களுக்குக் கூடிய கொழுப்பில்லாத எடை 6.1 கிலோ. ஊசி இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு ஏறக்குறைய 2 கிலோ. பயிற்சியே இல்லாமல் ஊசி மட்டும் போட்டவர்களுக்குக்கூட 3 கிலோவுக்குச் சற்று மேல்.

இரண்டும் நடந்தது வேறு வேறு ஆட்களிடம், எச்எம்பி ஆய்வு இரண்டு வாரம் கூடுதல், அதனால் அப்படியே கழித்துப் பார்க்க முடியாது. சரி. ஆனாலும் நம் உடலே தினமும் கொஞ்சம் தயாரிக்கிற, கடையில் தாராளமாகக் கிடைக்கிற ஒரு பொருள், தடை செய்யப்பட்ட ஸ்டீராய்டு ஊசியைத் தாண்டி நிற்கிறது என்று ஒரு தாள் சொல்கிறது. உலகத்தில் எத்தனையோ பளுதூக்கும் வீரர்கள் பிடிபட்டு, பதக்கம் இழந்து, தடை வாங்கியும் ஸ்டீராய்டு பக்கம் போனார்கள். எச்எம்பி அந்த அளவுக்கு வேலை செய்திருந்தால் அவர்களில் ஒருவரும் ஊசியைத் தொட்டிருக்க மாட்டார்கள். இந்தக் கேள்விக்குப் புள்ளியியல் படிக்க வேண்டியதில்லை, ஜிம்மில் எடை தூக்கிய யாருக்கும் தோன்ற வேண்டியது.

துறைக்குள்ளேயும் தோன்றியது. ஸ்டூவர்ட் ஃபிலிப்ஸ் உள்ளிட்ட பல ஆய்வாளர்கள் 2017-ல், ஏடிபி சேர்த்த ஆய்வு வெளியான இதழுக்கே கடிதம் எழுதி, அதன் முடிவுகளைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். 2019-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவர் குழுவே 12 வாரப் பயிற்சி வைத்து, வே எனப்படும் பால் புரதத்தோடு ஒரு பிரிவுக்கு எச்எம்பியும் இன்னொரு பிரிவுக்கு லியூசினும் கொடுத்துப் பார்த்தது. இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. 7 கிலோவை ஒத்த எதுவும் அங்கே தென்படவில்லை.

இப்போது கிரியாட்டின். 1832-ல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த பழைய பொருள். தசையில் இது பாஸ்பேட்டோடு சேர்ந்து இருப்பு நிற்கிறது. கனமான எடையை எடுக்கும் முதல் சில நொடிகளில் ஏடிபி வேகமாகத் தீரும்போது, தன் பாஸ்பேட்டைக் கொடுத்து அதை மறுபடி நிரப்புகிறது. 1992-ல் ஹாரிஸ், ஹல்ட்மன் குழு, தினம் பலமுறை 5 கிராம் வீதம் கொடுத்து, தசைக்குள் கிரியாட்டின் அளவு உண்மையிலேயே ஏறுவதைத் தசைத் துணுக்கை எடுத்து அளந்து காட்டியது. வாயில் போட்டது போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்பதற்கு நேரடிச் சாட்சி இருக்கிறது. மற்ற பல டப்பாக்களுக்கு இந்த முதல் படியே கிடையாது. அப்புறம் முப்பது வருடமாகப் பல நாடுகளில், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான, மிதமான பலன்தான் வருகிறது: கூட ஒன்றிரண்டு முறை தூக்க முடிகிறது, கொஞ்சம் எடை கூடுகிறது.

நான் பல வருடமாகச் சாப்பிடுகிற பொருள் என்பதால் அதை விட்டுவைக்கப் போவதில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2025-ல் ஒரு நல்ல வேலை செய்தது. பயிற்சி தொடங்குவதற்கு முன்பே ஒரு வாரம் கிரியாட்டின் கொடுத்து அளந்தார்கள். அந்த ஒரே வாரத்தில், ஒரு நாள்கூட எடை தூக்காமலேயே, அரைக் கிலோ "கொழுப்பில்லாத எடை" கூடியிருந்தது. அதற்குப் பின் 12 வாரப் பயிற்சியில் இரண்டு பிரிவுக்கும் ஏறக்குறைய 2 கிலோ, வித்தியாசம் இல்லை. அந்த அரைக் கிலோவில் பெரும்பகுதி நீர் என்றுதான் கொள்ள வேண்டும். இந்த எடையை அளக்கும் டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேன் தசையைத் தனியாக அளப்பதில்லை. எலும்பையும் கொழுப்பையும் கழித்து மீதியைச் சொல்கிறது, அந்த மீதியில் தண்ணீரும் உண்டு. ஆக, கடைக்காரர் "அதுவும் தண்ணி" என்றதில் உண்மை இருக்கிறது. எச்எம்பி ஆய்வின் 7.4 கிலோவும் அதே டெக்ஸா கணக்குதான் என்பதை அவர் சொல்லவில்லை.

வலிமை கூடுவதற்கான சாட்சி கிரியாட்டினுக்கு இன்னும் வலுவாகவே நிற்கிறது. அதற்கு எதிரான முடிவும் வெளியே வருகிறது, விவாதம் ஆகிறது, யாரும் மூடி மறைக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் அதன் டச்சை நான் உயர்வாக மதிப்பிடுகிறேன்.

வே டப்பாவும் நாமக்கல் முட்டையும்

வே புரதம் நல்ல புரதம், அதில் சந்தேகமே இல்லை. கேள்வி, சாப்பாட்டுக்கு மேல் அது எவ்வளவு கூட்டுகிறது என்பதுதான். 2018-ல் மார்ட்டன் குழு 49 ஆய்வுகளை, 1,863 பேரை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டது. பயிற்சியோடு கூடுதல் புரதம் எடுத்தவர்களுக்குக் கொழுப்பில்லாத எடையில் கிடைத்த கூடுதல் பலன் சராசரியாக 0.3 கிலோ. ஒரே முறை தூக்கும் உச்ச எடையில் ஏறக்குறைய 2.5 கிலோ. உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 1.6 கிராம் புரதத்தைத் தாண்டினால் மேற்கொண்டு பலன் தென்படவில்லை.

அக்கா மகன் 60 கிலோ. அவனுக்கு 96 கிராம் போதும். 3 முட்டையில் 18 கிராம், அரை லிட்டர் பாலில் 16, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, 50 கிராம் நிலக்கடலையில் 12, நூறு கிராம் கோழிக்கறியில் இருபதுக்கு மேல். மீதி இட்லி, சோறு, பருப்பு, கொள்ளு ரசம் என்று தானாக வந்துவிடும். ஒரு கரண்டி வே பவுடரில் இருப்பதாக எழுதியிருக்கும் 24 கிராம், நான்கு முட்டை. முட்டை விலை நாமக்கல்லில் ஏறி இறங்கினாலும் நான்கு முட்டைக்கு ஆகும் பணத்தில் ஒரு கரண்டி நல்ல வே கிடைக்காது.

அப்புறம், டப்பாவில் எழுதியது உள்ளே இருக்கிறதா என்பது வேறு. கேரளத்தின் கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸ் உள்ளிட்ட குழு, இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-ல் வெளியிட்டது. 25 டப்பாக்களில் புரத அளவு தவறாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. சிலவற்றில் பூஞ்சை நச்சான அஃப்லடாக்சினும் இருந்தது.

புரதத்தை ஏமாற்றுவது எப்படி என்று மாணவர்கள் கேட்பார்கள். 1883-லிருந்து இருக்கும் கெல்டால் முறை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறது. மலிவான கிளைசின், டாரின் ஆகியவற்றைக் கலந்தால் நைட்ரஜன் ஏறும், தாளில் புரதமும் ஏறும். வெள்ளியில் செம்பு கலப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? முட்டைக்குள் இதைச் செய்ய முடியாது. அதனால்தான் இந்த ஜோடியில் என் ஓட்டு முட்டைக்கு. சாப்பிட நேரமே இல்லாதவர்கள், சரியான ஆய்வுக்கூட அறிக்கை உள்ள வே வாங்கினால் குறை சொல்ல மாட்டேன்.

அமுக்கராவும் நெருஞ்சிலும்

இவை இரண்டும் நம் ஊர்ப் பெயர்கள் என்பதால் நம்பிக்கை சீக்கிரம் வந்துவிடுகிறது. அஸ்வகந்தா என்று விற்பது நம் அமுக்கரா. டிரிபுலஸ் என்று வழவழப்பான டப்பாவில் வருவது, கரட்டு மேட்டில் காலில் குத்தும் நெருஞ்சில்.

நெருஞ்சில் விஷயம் சுருக்கமானது. 2007-ல் ஆஸ்திரேலிய ரக்பி வீரர்கள் 22 பேருக்கு ஐந்து வாரம் தினம் 450 மில்லிகிராம் கொடுத்து, வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வலிமையிலும் தசையிலும் எந்த வித்தியாசமும் இல்லை. சித்த மருத்துவத்தில் நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் சொல்லப்படும் மூலிகையைப் புஜத்துக்கு என்று விற்கிறார்கள்.

அமுக்கராவுக்கு வந்த எண் வேறு ரகம். 2015-ல் 57 இளைஞர்கள், தினம் இரண்டு வேளை 300 மில்லிகிராம் வேர்ச்சாறு, 8 வாரம். மல்லாந்து படுத்துத் தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸில் சாறு எடுத்தவர்களுக்கு 46 கிலோ கூடியது, மற்றவர்களுக்கு 26 கிலோ. மேலே சொன்ன 49 ஆய்வுகளில் புரதம் கூட்டியது 2.5 கிலோ. வேர் கூட்டியது 20 கிலோ. பயிற்சி இல்லாத ஆட்கள் முதல் இரண்டு மாதத்தில் வேகமாக ஏறுவார்கள் என்பது தெரியும், அதற்காகத்தான் ஒப்பீட்டுப் பிரிவே இருக்கிறது. அந்தப் பிரிவையும் தாண்டி 20 கிலோ என்றால், பெரிய அளவில், வேரை விற்காதவர்கள் திரும்பச் செய்து காட்டும்வரை நான் நம்பத் தயாரில்லை.

நம்பிக்கையே எவ்வளவு தூக்கும் என்பதற்கு 1972-ல் ஏரியல், சாவில் இருவரும் செய்த சோதனை இருக்கிறது. பளுதூக்கும் வீரர்களிடம் ஸ்டீராய்டு தருகிறோம் என்று சொல்லி வெறும் மாத்திரை கொடுத்தார்கள். அவர்கள் தூக்கிய எடை முன்பைவிட வேகமாக ஏறியது. நாட்டு மருந்து என்று நாம் மரியாதையோடு வாங்கும் பொருளுக்கு இந்தப் பலம் இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

இன்னொன்று. ஆய்வில் கொடுத்தது செறிவூட்டிய சாறு. கடையில் கிடைக்கும் அமுக்கராச் சூரணத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு, சர்க்கரை எல்லாம் உண்டு. ஒன்றின் ஆய்வைக் காட்டி மற்றொன்றை விற்க முடியாது. செறிவான சாறு எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. டென்மார்க் 2023-ல் தடையே போட்டது. பரம்பரை மருந்து என்ற பெருமை எனக்கும் உண்டு, அதனாலேயே அதன் பெயரில் அரைகுறை ஆய்வு உலாவுவது வலிக்கிறது.

மீதி இரண்டு

பிசிஏஏ என்பது மூன்று அமினோ அமிலங்கள். தசை கட்ட அத்தியாவசிய அமினோ அமிலங்கள் ஒன்பதும் வேண்டும். முட்டையில் ஒன்பதும் இருக்கின்றன. தனியாக வாங்கக் காரணம் இல்லை.

மாஸ் கெய்னரில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது உடைத்த மாவுச்சத்து. மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஊருக்கெல்லாம் ஜவ்வரிசி அனுப்பும் சேலத்தில், மாவுச்சத்தை இவ்வளவு காசு கொடுத்து வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. எடை ஏற வேண்டும் என்றால் இரண்டு வாழைப்பழமும் ஒரு கிண்ணம் கூடுதல் சோறும் போதும்.

அவனுக்குச் சொன்னது

வாசனை, நிறம் எதுவும் சேர்க்காத கிரியாட்டின் மோனோஹைட்ரேட், தினம் 3 முதல் 5 கிராம். மீதிப் பணத்தை அக்காவிடமே கொடுத்து முட்டைக்கும் பாலுக்கும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு எச்சரிக்கையும் சொன்னேன். கிரியாட்டின் உடைந்துதான் கிரியாட்டினின் ஆகிறது, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ரத்தத்தில் அளப்பது அதைத்தான். சில வருடம் முன்பு எனக்கு அந்த அளவு சற்று ஏறி வந்து, ஒரு மருத்துவமனையில் சிறுநீரகக் கோளாறு என்று பயமுறுத்தி ஸ்கேன் வரை எடுக்க வைத்தார்கள். என்ன சாப்பிடுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. நிறுத்திவிட்டுச் சில வாரம் கழித்துப் பார்த்தபோது அளவு இறங்கியிருந்தது. ரத்தப் பரிசோதனைக்குப் போனால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடு என்றேன். ஏற்கெனவே சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அவனோடு ஒரு நண்பனும் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோரிமேட்டிலிருந்து ஏற்காடு மலைப்பாதையில் ஓடுகிற பையன். "அண்ணா, நானும் கிரியாட்டின் எடுக்கட்டுமா?" என்று கேட்டான். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஓடி ஏறுகிறவனுக்கு, உடம்பில் தங்கும் அந்தக் கூடுதல் தண்ணீரும் சுமைதான். அவனுக்கு நான் எந்த டப்பாவையும் சொல்லவில்லை.